மணையில் என் இடம்

மே 19, ஞாயிறு

தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதச் சொல்லி உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்யப்போகிற மதுரை ஆஸ்பத்திரியில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். வாரம் ஒரு தடவை எடையையும் எழுத வேண்டுமாம். சாப்பிட்டதை எழுதுகிறேன். எடையை எழுத மாட்டேன். என் எடையை இத்தனை வருஷமாக ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் வேறு தனியாகப் போட வேண்டுமா?

முதல் பக்கத்தில் பெயர், ஊர், வேலை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். செண்பகவல்லி. கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த கோட்டில் ‘ஆபரேஷன் எதற்காக?’ என்று ஒரு கேள்வி. முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்தேன். டைரி கொடுத்த நர்ஸ் பெண்ணும் தலையை ஆட்டினாள்.

முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நிஜக் காரணம் என் சின்ன மகள் லோசனி. அவளுக்கு வரன் பார்க்கிறோம். அவள் கல்யாணத்தில் நான் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

பெரியவள் அனுசுயா கல்யாணத்தில் அது நடக்கவில்லை. எங்கள் வழக்கப்படி பெண்ணின் கையை அப்பா மாப்பிள்ளை கையில் சேர்த்துப் பிடிக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு மணவடையில் ஏறித் தரையோடு கிடக்கும் மணைப்பலகையில் ஜோடியாக உட்கார வேண்டும். நான் உட்காரப் போய்ப் பாதியில் நின்றுவிட்டேன். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். “முகூர்த்தம் தப்பிரும், கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் உக்காரட்டும்” என்று யாரோ குரல் கொடுக்க, என் கொழுந்தன் குற்றாலமும் தெய்வானையும் உட்கார்ந்தார்கள். என் மகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் தெய்வானை. நான் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

என் வீட்டுக்காரர் அப்போது வாயே திறக்கவில்லை. அவரும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார், அவ்வளவுதான். சாதுவான மனிதர். அவர் மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

இன்று சாப்பிட்டது: இட்லி ஆறு. இல்லை, எட்டு. மத்தியானம் எழுதும்படி இல்லை. நாளையிலிருந்து வெறும் திரவம்தானாம், அதனால்.

மே 24, வெள்ளி

மோர். பருப்புத் தண்ணீர். மறுபடியும் மோர். உலகத்தில் எல்லோர் மேலும் கோபம் வருகிறது. அவர் மேல் மட்டும் இல்லை.

ஜூன் 5, புதன். ஆஸ்பத்திரி

ஆபரேஷன் முடிந்துவிட்டது. வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைக்காய் அளவுக்கு விட்டு வைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். அன்று சாயங்காலமே நடக்க விட்டார்கள். மருந்து ஊற்றும் சின்னக் கோப்பையில் தண்ணீர் தருகிறார்கள். அதையும் ஒரே மடக்காகக் குடித்துவிடக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்த பெண்பிள்ளை நான்.

சொந்தக்காரர்களிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். இது என் யோசனைதான். உள்ளதைச் சொன்னால், ‘வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டா’ என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள். வாயைக் கட்டிப் பார்க்காதவள் மாதிரி! எத்தனை வருஷம் வெந்நீரும் கொள்ளுக் கஞ்சியும், எத்தனை நடை. கொஞ்சம் இறங்கும், பிறகு வட்டியோடு ஏறும். அதையெல்லாம் யாரிடம் போய் விளக்குவது? குடலிறக்கம் என்றால் ஒரு கேள்வியும் கிடையாது.

ஜூன் 12, புதன். வீடு

குற்றாலமும் தெய்வானையும் ஹார்லிக்ஸ், ரொட்டி, ஆப்பிள் சகிதம் வந்தார்கள். “கனத்தைத் தூக்காதீக மதினி, தையல் விட்டுரும்” என்று குற்றாலம் குடலிறக்கத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தான். கேட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டது: வடிகட்டிய கஞ்சி, நாலு ஸ்பூன். புரதப் பொடி. சுண்ணாம்பை மோரில் கலக்கிய ருசி.

ஜூலை 7, ஞாயிறு

பாதி இட்லியை அவசரப்பட்டு விழுங்கிவிட்டேன். நெஞ்சில் கல் உட்கார்ந்த மாதிரி ஆகி, எல்லாம் வெளியே வந்துவிட்டது. இனிமேல் மென்று, மென்று, கூழாக்கித்தான் விழுங்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீரும் குடிக்கக் கூடாது.

கழுவித் துடைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். வலியால் அல்ல. லோசனிக்காகச் சொதி வைத்திருந்தேன், தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்துக்கொண்டிருந்தன, எனக்குப் பசியே இல்லை. சின்ன வயதிலிருந்து என்னோடு கூடவே இருந்த பசி. எத்தனை திட்டியிருப்பேன் அதை. இப்போது அது போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நான் ஏங்கிப்போவேன் என்று அவர் கொல்லைப்புறத்தில் போய் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். நாய்க்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய். சட்டமாக உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று திட்டினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தென்காசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வேலாயுதம் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அம்மா பகவதி, நல்ல வாய், நல்ல மனசு. லோசனி முகத்தைப் பார்த்தேன், பிடித்திருக்கிறது. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

இன்னொரு சங்கதி. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காபி கொடுக்க எழுந்தபோது நாற்காலி தரையிலேயே இருந்தது! இதற்கு முன்னெல்லாம் அதுவும் என்னோடு சேர்ந்து எழுந்து வரும், யாராவது பின்னால் நின்று பிடித்து இழுக்க வேண்டும். யாருமே கவனிக்கவில்லை. சமையலறைக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன்.

செப்டம்பர் 14, சனி

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும் ஆரம்பித்துவிட்டேன். முதலில் முக்காலி. பிறகு தலையணை அடுக்கு. இன்று லோசனி ஆபீஸ் போனதும் வெறும் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன்! காலைக்கூட ஒரு மாதிரி மடக்கிவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்துத் தரையிலிருந்து என் வீட்டைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இவ்வளவு ஒட்டடையா?

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நகர்ந்து நகர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் போய், அதைப் பிடித்து எழுந்தேன். மணவடையில் பிரிட்ஜ் இருக்காது.

அக்டோபர் 9, புதன்

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சீப்பில், தலையணையில், சாம்பாரில். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் அப்படித்தான் இருக்கும், திரும்ப முளைத்துவிடும் என்று டாக்டரம்மா போனில் சொல்கிறார். கைச் சதையும் தொடைச் சதையும் காற்றுப் போன பலூனாய்த் தொங்குகின்றன. இளைத்தால் அழகாகிவிடுவேன் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, சரி.

அக்டோபர் 27, ஞாயிறு. திருச்செந்தூர்

கொட்டுகிற முடியைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாக முருகனுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. “பூமுடி போதும்மா, ரெண்டு கத்தரி வெட்டு” என்றாள் லோசனி. கொடுப்பதை முழுதாகக் கொடுப்போம் என்று மொட்டையே போட்டுவிட்டேன்.

தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பக்கத்து முக்காலியில் என் வீட்டுக்காரர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், தலையில் பாதி போய்விட்டது.

“நீங்க என்னத்துக்கு?” என்றேன்.

“ஆபரேஷன் தேட்டர் வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டேன்ளா. நீ நல்லபடியா வெளிய வரணும்னு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சாமிட்டதான சொன்னேன்.”

இரண்டு மொட்டையும் சந்தனம் பூசிக்கொண்டு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். லோசனி படம் எடுத்துச் சிரித்தாள். அவர் காதோரம் சந்தனம் படாத இடத்தில் நான் பூசிவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

ஊரில் திடீரென்று எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் முதலாளி அண்ணாச்சி நான் கேட்காமலே, “வேணுங்கற அளவு லீவு எடுத்துக்கிடுங்கம்மா” என்கிறார். பெட்டி ஒட்டும் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். எதிர்வீட்டு ராஜம்மாள், என்னை ‘தேரு’ என்று கூப்பிட்டவள், முள் சீத்தாப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்புகிறாள்.

நவம்பர் 21, வியாழன்

மறுபடியும் முள் சீத்தாப்பழம். இந்தத் தடவை தெய்வானை. இலையையும் கஷாயம் வைக்கச் சொல்லிக் கட்டாகக் கொடுத்தாள். இந்த ஊரில் இந்த வருஷம் அது அவ்வளவு காய்த்துக் கிடக்கிறதா?

குற்றாலம் வாசலில் நின்று, “மதினி, நான் இருக்கேன். லோசனி எனக்கும் மகதான். எதையும் மனசுல போட்டுக் கொழப்பாதீக” என்றான். நான் எதையும் கொழப்பவில்லையே. இவனுக்கு என்ன புதுப் பாசம்?

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதிவிட வேண்டும்.

பகவதி மதினியும் அவர் வீட்டுக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் தென்காசியிலிருந்து வந்து இறங்கினார்கள். கூடவே குற்றாலம். பகவதி என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, என் தலையை, அரை விரல்கூட முளைக்காத முடியை, தடவிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர்.

“டாக்டர் என்ன சொல்லுதாக மதினி? கரண்டு வைக்கணும்னு சொல்லிட்டாகளா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே மேலே பேசினார். “இதுக்கெல்லாம் இப்ப நல்ல மருந்து இருக்கு. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல. லோசனிதான் எங்க மருமக, அதுல மாத்தமில்ல. ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரம் கார்த்திகையிலயே ஒரு முகூர்த்தம் இருக்கு. கோயில்ல வச்சு முடிச்சிருவோம். தை வரைக்கும்... நீங்க கண் குளிரப் பாத்துரணும்லா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டு, அதாவது கதிர்வீச்சு. அந்த நோய்க்கு நாட்டு மருந்து என்று எல்லோரும் சொல்கிற முள் சீத்தாப்பழம். மொட்டை. முதலாளியின் லீவு. குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பாதியாக இளைத்து, முடி கொட்டி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? எனக்குப் புற்றுநோய் என்று கோவில்பட்டி முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பகவதி தொடர்ந்தார். “தாரை வார்க்க உங்க கொழுந்தன் ஜோடியே உக்காரட்டும். நோயோட மணையில உக்காந்தா ஆகாதுன்னு எங்க மாமியார் சொல்லுதாக. பெரியவ கல்யாணத்துலயும் அவுகதான் உக்காந்தாகன்னு தம்பி சொன்னாரு.”

குற்றாலம் தலையாட்டினான். “நான் சரின்னுட்டேன் மதினி.”

மறுபடியும் பூத்தட்டோடு ஓரமாக நிற்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

“நீ யாருல சரின்னு சொல்ல?”

கேட்டது என் வீட்டுக்காரர். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். “எம் பிள்ளைக்கு அவ அம்மாதான் தண்ணி ஊத்துவா. அன்னைக்கு நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். அதுக்கப்புறம் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல. இவ உக்காரலேன்னா நானும் உக்கார மாட்டேன். எவனும் உக்கார வேண்டாம்.”

ஆமாம், எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அனுசுயா கல்யாணத்திலிருந்து இன்று வரை இருந்தது. இப்போது எழுதுகிறேன், இப்போது அது இல்லை.

பிறகு நான் பேசினேன். “மதினி, எனக்குப் புத்துநோய் கிடையாது. ஒரு நோயும் கிடையாது. நான் குண்டா இருந்தேன், வயித்தை வெட்டிச் சின்னதாக்கிக்கிட்டேன். இளைக்கணும்னே செஞ்சேன். சிரிப்பாகன்னு வெக்கப்பட்டுக் குடலிறக்கம்னு சொன்னேன். முடி ஆபரேஷனால கொட்டுச்சு, மிச்சத்தை முருகனுக்குக் கொடுத்தேன். எம் பிள்ளைக்குத் தாரை வார்க்கத்தான் இவ்வளவும். நான் உக்காருவேன்.”

பகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “பாவி மதினி! உங்களுக்காக நான் ஒரு வாரமா சோறு திங்காமக் கெடக்கேன்!” சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, “அந்த டாக்டரம்மா பேரு என்ன? எந் தங்கச்சி ஒருத்தி இருக்கா” என்றார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். “உக்காருங்க மதினி, எங்களுக்குச் சந்தோசம். ஆனா நடுவுல முடியாமப் போச்சுன்னா அபசகுனம்னு எங்க பக்கம் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு அந்தப் பேச்சு லோசனி தலையிலதான் விடியும். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க.”

“முடியும்” என்றேன்.

பிரிட்ஜ் இல்லாமல் இதுவரை ஒரு தடவைகூட நான் எழுந்ததில்லை.

டிசம்பர் 11, புதன்

உள்ளதை ஆபீஸிலும் தெருவிலும் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ராஜம்மாள் மட்டும் பழத்தைத் திருப்பிக் கொடு என்கிற மாதிரிப் பார்த்தாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

முடியவில்லை. தொடைச் சதை மடிந்து காலை இடறுகிறது. நாற்காலிக் காலைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

எழுந்தேன்! எதையும் பிடிக்காமல்! ஒரு காலை முன்னால் ஊன்றி, முன்பக்கம் சாய்ந்து, ஒரே மூச்சில். வீட்டில் யாரும் இல்லை. நாய்தான் பார்த்தது.

ஜனவரி 6, திங்கள்

முடியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பழகினேன். பட்டு வழுக்குகிறது. மூன்று தடவை முயன்று ஒரு தடவை எழுந்தேன். லோசனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், “அம்மா, ஒரு நாற்காலி போட்டு உக்காந்து ஊத்தினா என்ன? எனக்கு நீ இருந்தாப் போதும்” என்றாள். “எனக்குப் போதாது” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவளும் சண்டை போடவில்லை, புடவையை மேலே தூக்கிச் செருகிவிட்டாள்.

சாப்பிட்டது: முட்டை ஒன்று. பயறு. ஒரு தோசை முழுதாக இறங்குகிறது இப்போது.

பிப்ரவரி 3, திங்கள்

மண்டபத்தில் விடியலிலேயே தெய்வானை சவுரியோடு வந்தாள். வேண்டாம் என்றேன். ஒரு விரல் நீளத்துக்கு முடி முளைத்திருக்கிறது, பாதி நரை. அதிலேயே கொண்டை ஊசியால் கனகாம்பரத்தைக் குத்திக்கொண்டேன். “அழகா இருக்கீகக்கா” என்றாள். பிறகு செம்பைத் துலக்கி என் கையில் கொடுத்துவிட்டு, “அன்னைக்கு எனக்கு மனசே ஒப்பலக்கா. அடுத்தவ பிள்ளைக்கு ஊத்துதமேன்னு” என்றாள். அவளையும் சேர்த்து இத்தனை நாள் கரித்துக் கொட்டியிருக்கிறேனே என்று இருந்தது. அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

மணவடையில் ஏறினேன். கூட்டம் மொத்தமும் என்னைத்தான் பார்க்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது. குற்றாலம் உதவிக்குக் கையை நீட்டியபடி அருகில் நின்றான். தென்காசிப் பக்கம் முதல் வரிசையில் பகவதியின் மாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதியில் நிற்கவில்லை. பலகை உடம்பில் பட்டதும்தான் மூச்சு விட்டேன்.

அவர் லோசனியின் கையை வேலாயுதம் கையில் சேர்த்துப் பிடித்தார். நான் ஊற்றினேன். தண்ணீர் மூன்று பேர் விரல்களிலும் வழிந்து கீழே இருந்த தாம்பாளத்தில் விழுந்தது. லோசனி அழுதாள். நான் அழவில்லை, தண்ணீரை நேராக விழவைப்பதில் கண்ணாக இருந்தேன். குலவைச் சத்தம் அடங்கியதும், “பெண்ணைப் பெத்தவா ஏந்திருக்கலாம்” என்றார் ஐயர்.

காலை முன்னால் ஊன்றினேன். பட்டு வழுக்கியது. குற்றாலம் குனிந்தான். “தொடாத!” என்றேன். முன்பக்கம் சாய்ந்தேன், மூச்சைப் பிடித்தேன், எழுந்தேன்.

நின்றுவிட்டேன். என் இரண்டு காலில், யார் கையும் படாமல்.

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் இன்னும் மணையிலேயே இருக்கிறார். கால் மரத்துப் போய்விட்டதாம். “ஏளா, கையக் குடு” என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். ஊசி மாதிரி இருக்கிற மனிதர்! கொடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன், எழுந்து என் தோளில் சாய்ந்து நின்றார். மண்டபமே கைதட்டியது. அனுசுயா விசில் அடித்தாள், அவள் மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே.

அந்த நேரம் பார்த்து வீடியோ எடுக்கிற பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். “அம்மா, ஆளுக மறைச்சிட்டாங்க, நீங்க எந்திரிச்சது விழல. இன்னொரு தடவை உக்காந்து எந்திரிக்க முடியுமா?”

“லேய், அவளைப் போட்டுப் படுத்தாத” என்று இவர் அதட்டினார்.

நான் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்தேன். எழுந்தேன். இந்தத் தடவை பட்டு வழுக்கவில்லை.

“போதும்மா, சூப்பர்” என்றான் பையன்.

“சரியா விழுந்துச்சா பாரு. வேணும்னா இன்னொரு தடவை எந்திரிக்கேன்” என்றேன்.